டர்போ இல்லாத காருக்கு 95, 100 ஆக்டேன் பெட்ரோல் தேவையா? எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது?

“நார்மலா, பவரா சார்?” பங்க்கில் காரை நிறுத்தியதும் காதில் விழும் முதல் கேள்வி இதுதான். பின்னால் நாலு வண்டி ஹார்ன் அடிக்கும். யோசிக்க நேரம் இருக்காது. புதுசா கார் வாங்கியவர் என்றால், ‘நம்ம வண்டிக்கு நல்லதாவே போடுவோமே’ என்று “பவரே போடுங்க” என்பார். பழைய கார்க்காரர், ‘எதுக்கு வெட்டிச் செலவு’ என்று நார்மல் போடுவார். இரண்டு பேருமே பெரும்பாலும் காரணம் தெரிந்து முடிவெடுப்பதில்லை.

இதில் லிட்டருக்குச் சில ரூபாய்தானே என்று விட்டுவிட முடியாது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் போகும் விஷயம் இது. இன்னொரு பக்கம், உண்மையிலேயே அதிக ஆக்டேன் தேவைப்படும் இன்ஜினுக்குக் குறைந்ததைப் போட்டுக்கொண்டே இருந்தால், செலவு மெக்கானிக் ஷெட்டில் வந்து நிற்கும். ஸ்விஃப்ட், பலேனோ, ஐ10, அமேஸ், டியாகோ என்று நம் சாலைகளில் ஓடும் பெட்ரோல் கார்களில் டர்போ இல்லாதவை ஏராளம். அந்த இன்ஜின்களுக்கு எது சரி என்று பார்ப்போம்.

ஆக்டேன் என்பது ‘பவர்’ அல்ல

முதலில் ஒரு தவறான எண்ணத்தை எடுத்துப் போட்டுவிடலாம். ஆக்டேன் எண் அதிகம் என்றால் அந்த பெட்ரோலில் சக்தி அதிகம் என்று பொருள் இல்லை. பெட்ரோல் தானாகத் தீப்பிடிக்காமல் எவ்வளவு அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

இந்த அளவுகோலுக்கு 1926இல் அடித்தளம் போட்டவர் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர். எளிதில் தானாகப் பற்றிக்கொள்ளும் ஹெப்டேனுக்கு 0, எளிதில் பற்றாத ஐசோ ஆக்டேனுக்கு 100 என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு பெட்ரோல், 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவையைப் போலத் தாங்கினால், அதன் ஆக்டேன் எண் 95. அந்த பெட்ரோலில் நிஜமாகவே 95 சதவீதம் ஆக்டேன் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. இது ஒரு ஒப்பீடு, அவ்வளவுதான். அதனால்தான் 100ஐத் தாண்டிய எண்களும் உண்டு.

ஆக்டேனுக்கும் சக்திக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு நல்ல உதாரணம் எத்தனால். அதன் ஆக்டேன் எண் பெட்ரோலைவிட மிக அதிகம். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான்.

இன்ஜின் ‘தட்டுவது’ ஏன்?

பெட்ரோல் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் சேர்ந்து சிலிண்டருக்குள் வருகின்றன. பிஸ்டன் மேலே ஏறி அதை அழுத்துகிறது. சரியான நொடியில் ஸ்பார்க் பிளக் பொறி தருகிறது. பொறி விழுந்த இடத்தில் தொடங்கும் தீ, ஒரு அலைபோலச் சீராகப் பரவி எல்லாவற்றையும் எரிக்கிறது. அந்த அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. 3,000 ஆர்பிஎம்மில் ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் இது ஒரு நொடிக்கு 25 முறை நடக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், தீ இன்னும் போய்ச் சேராத மூலையில். அங்கே இருக்கும் கலவை, ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் பகுதியால் மேலும் நெருக்கப்பட்டுச் சூடாகிறது. பெட்ரோலின் தாங்கும் திறன் போதவில்லை என்றால், தீ வந்து சேரும் முன்பே அது தானாக வெடித்துவிடும். அந்த அதிர்ச்சி அலை சிலிண்டர் சுவரில் மோதும்போது வரும் ‘டிங் டிங்’ சத்தம்தான் நாக்கிங். “இன்ஜின் தட்டுது”, “நாக்கிங் அடிக்குது” என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். ஒரு டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்குவது போல இருக்கும்.

எப்போதாவது லேசாகக் கேட்டால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பலமான நாக்கிங் தொடர்ந்தால் பிஸ்டன், பிஸ்டன் ரிங், ஹெட் கேஸ்கெட், ஸ்பார்க் பிளக் எல்லாம் அடிவாங்கும். அதிக ஆக்டேன் பெட்ரோலின் வேலை இதைத் தடுப்பது மட்டுமே. நாக்கிங்கே வராத இன்ஜினில் அதற்குச் செய்ய வேலை இல்லை.

எந்த இன்ஜினுக்கு எவ்வளவு தேவை?

இதைப் பெருமளவு முடிவு செய்வது கம்ப்ரஷன் ரேஷியோ. பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள கொள்ளளவை, மேலே ஏறியதும் மிஞ்சும் கொள்ளளவால் வகுத்தால் வருவது அது. 10:1 என்றால் கலவையைப் பத்தில் ஒரு பங்காக நெருக்குகிறது. எவ்வளவு நெருக்குகிறதோ அவ்வளவு நல்ல மைலேஜும் சக்தியும் கிடைக்கும். நாக்கிங் வரும் வாய்ப்பும் அவ்வளவு கூடும்.

பழைய கார்பரேட்டர் காலத்து கார்களில் இது 8, 9 என்ற அளவில் இருந்தது. இன்றைய மாருதி 1.2 லிட்டர் டூயல்ஜெட் இன்ஜினில் 12:1. ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டில் 13.5:1. அப்படியானால் இவற்றுக்கெல்லாம் 100 ஆக்டேன் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டாம். ஏனென்றால் கம்ப்ரஷன் ரேஷியோ ஒரு தொடக்கம்தான். எரி அறையின் வடிவம், கூலிங், வால்வு திறந்து மூடும் நேரம் எல்லாவற்றையும் மாற்றி, சாதாரண பெட்ரோலிலேயே ஓடும்படி நிறுவனங்கள் வடிவமைக்கின்றன. ஹைபிரிட் கார்களில் பயன்படும் அட்கின்சன் முறையில், உள்ளிழுக்கும் வால்வு தாமதமாக மூடுவதால், காகிதத்தில் இருக்கும் எண்ணைவிட உண்மையான நெருக்கம் குறைவு.

பெட்ரோலுக்கு ஏற்ப ஒரே இன்ஜினை நிறுவனமே மாற்றி அமைத்த சம்பவமும் உண்டு. மஸ்டாவின் டர்போ இல்லாத ஸ்கைஆக்டிவ் பெட்ரோல் இன்ஜின் ஐரோப்பாவில் 14:1 ரேஷியோவில் வந்தது. அமெரிக்காவில் மக்கள் போடும் சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் குறைவு என்பதால், அங்கே 13:1 ஆகக் குறைத்து விற்றார்கள். அதாவது ‘உங்கள் ஊரில் என்ன பெட்ரோல் கிடைக்கும்’ என்ற கணக்கைக் கம்பெனிக்காரர்கள் கார் விற்கும் முன்பே போட்டு முடித்துவிடுகிறார்கள்.

டர்போ இருந்தால் கதை வேறு

டர்போ இன்ஜினில் காற்று ஏற்கெனவே அழுத்தப்பட்டு, சூடாகித்தான் சிலிண்டருக்குள் வருகிறது. அதை பிஸ்டன் மேலும் நெருக்குகிறது. அதனால் நாக்கிங் எல்லைக்கு அருகிலேயே அது அதிக நேரம் ஓடும். ஆக்டேன் கூடினால் கம்ப்யூட்டர் டர்போ அழுத்தத்தையும் பொறி நேரத்தையும் ஏற்றிக்கொள்ள இடம் கிடைக்கும். அதனால்தான் டர்போ கார் வைத்திருக்கும் நண்பர், “95 போட்டதும் வண்டி நல்லா இழுக்குது” என்று சொன்னால் அதில் உண்மை இருக்கலாம்.

டர்போ இல்லாத இன்ஜின், வெளியே இருக்கும் சாதாரணக் காற்றழுத்தத்தில்தான் மூச்சு விடுகிறது. ‘நேச்சுரலி ஆஸ்பிரேட்டட்’ என்று ஸ்பெக் ஷீட்டில் போட்டிருப்பது இதைத்தான். ஏற்றுவதற்கு அழுத்தம் என்று எதுவும் இங்கே இல்லை. மிஞ்சுவது பொறி நேரம் ஒன்றுதான். எனவே நண்பரின் அனுபவத்தை அப்படியே நம் காருக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

இசியு என்ன செய்கிறது?

இன்றைய கார்களில் இன்ஜின் பிளாக்கில் ‘நாக் சென்சார்’ என்ற சிறிய கருவி இருக்கும். ஒரு டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது போல, நாக்கிங் அதிர்வை அது கேட்டுக்கொண்டே இருக்கும். அதிர்வு வந்தால் இசியு எனப்படும் இன்ஜின் கம்ப்யூட்டர், ஸ்பார்க் பிளக் பொறி தரும் நேரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடும். நாக்கிங் நின்றுவிடும். அதற்கு விலையாகச் சக்தியும் மைலேஜும் சற்றுக் குறையும்.

இதன் மறுபக்கத்தைக் கவனிக்க வேண்டும். நல்ல ஆக்டேன் பெட்ரோல் போட்டால் இசியு பொறி நேரத்தை முன்னுக்கு நகர்த்தும். ஆனால் எல்லையில்லாமல் நகர்த்தாது. நிறுவனம் எழுதி வைத்திருக்கும் வரைபடத்தில் ஒரு உச்சவரம்பு உண்டு. 91 ஆக்டேனுக்கு என்று எழுதப்பட்ட இன்ஜின், 91இலேயே அந்த உச்சத்தைத் தொட்டுவிடுகிறது என்றால், 95 போட்டாலும் 100 போட்டாலும் அதற்கு மேல் போக இடமில்லை. நாலு பேர் உட்காரும் காரில் நாற்பது பேருக்கு டிக்கெட் எடுத்தது போலத்தான்.

சோதித்துப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்?

அமெரிக்காவின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, 2016இல் இதை ஆய்வகத்தில் சோதித்தது. சாதாரண பெட்ரோல் போதும் என்று நிறுவனமே சொன்ன மூன்று வண்டிகளை எடுத்துக்கொண்டது. ஒன்று 4 சிலிண்டர் மஸ்டா 3, இன்னொன்று வி6 டாட்ஜ் சார்ஜர், மூன்றாவது வி8 டொயோட்டா டண்ட்ரா. மூன்றுமே டர்போ இல்லாதவை. இவற்றில் பிரீமியம் பெட்ரோல் போட்டு ஓட்டியதில் சக்தி, மைலேஜ், புகை எதிலும் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. தேவையில்லாத கார்களில் பிரீமியம் போட்டு அமெரிக்கர்கள் ஒரு வருடத்தில் வீணாக்கிய தொகை 210 கோடி டாலர் என்று அந்தச் சங்கம் கணக்கிட்டது.

அடுத்த ஆண்டு அதே சங்கம், ‘பிரீமியம் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று நிறுவனம் சொல்லும் கார்களைச் சோதித்தது. அவற்றில் பலன் இருந்தது. ஆனால் சராசரியாக மைலேஜ் 2.7 சதவீதமும் குதிரைத்திறன் 1.4 சதவீதமும்தான் கூடின. விலை வித்தியாசத்தை ஈடுகட்ட அது போதவில்லை.

யூடியூப்பில் பார்த்த 87, 91, 93

இந்தியாவில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அமெரிக்க வீடியோக்களில் 87 சாதாரண பெட்ரோல், 91 அல்லது 93 பிரீமியம் என்று காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டு, ‘நம்ம ஊர் நார்மலே 91, அப்போ நாம பிரீமியம்தான் போடுறோம்’ என்று சிலர் நினைக்கிறார்கள். ‘அங்க 93 இருக்கு, இங்க 91தான்’ என்று சிலர் கவலைப்படுகிறார்கள். இரண்டும் தவறு.

ஆக்டேனை அளக்க இரண்டு முறைகள் உள்ளன. குறைந்த வேகத்தில், 600 ஆர்பிஎம்மில் சோதிப்பது ‘ரிசர்ச்’ முறை. சுருக்கமாக ஆர்ஓஎன். இன்னும் சூடான கலவையோடு 900 ஆர்பிஎம்மில் சோதிப்பது ‘மோட்டார்’ முறை. அது எம்ஓஎன். இரண்டாவது கடினமான சோதனை என்பதால் எண் குறைவாக வரும். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பங்க்கில் சொல்வது ஆர்ஓஎன். அமெரிக்காவில் இரண்டின் சராசரியை எழுதுகிறார்கள். ஆகவே அங்கத்திய 87, நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 91 அல்லது 92. அங்கத்திய 91, இங்கே ஏறக்குறைய 95 அல்லது 96. வெளிநாட்டு இணையதளத்தில் காரின் விவரம் பார்ப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பங்க்கில் இப்போது வருவது எது?

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 பெட்ரோல் நாடு முழுக்க வந்தபோது, சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91, பிரீமியத்துக்கு 95 என்பது கணக்கு. பிறகு எத்தனால் வந்தது. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பங்க்குகளில் அறிமுகமாகி, 2025இல் நாடெங்கும் வழக்கமானது.

இதில் பலர் கவனிக்காத ஒரு மாற்றம் நடந்தது. எத்தனாலின் ஆக்டேன் எண் சுமார் 108.5, பெட்ரோலுடையது 84.4 என்று மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தது. எத்தனால் சேர்ந்ததால் 91 ஆக இருந்த எண் 95 ஆக உயர்ந்திருக்கிறது என்பது அமைச்சகத்தின் கணக்கு. ஒரு காலத்தில் ஆக்டேனை ஏற்ற பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். அது நஞ்சு என்பதால் இந்தியா 2000இலேயே நிறுத்திவிட்டது. இன்று ஆக்டேனை ஏற்றும் அந்த வேலையில் எத்தனாலுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அப்படியானால், இ20 சாதாரண பெட்ரோலுக்கும் ‘95’ என்று விற்கும் பிரீமியம் பெட்ரோலுக்கும் ஆக்டேன் வித்தியாசம் முன்பு போல இல்லை. கூடுதல் காசுக்குக் கிடைப்பது முக்கியமாக, அதில் கலக்கும் இன்ஜின் சுத்தம் செய்யும் ரசாயனங்கள்தான்.

பெயர்களையும் கவனிக்க வேண்டும். பங்க்கில் ‘பிரீமியம்’ என்று பொதுவாகச் சொல்லும் எல்லாவற்றுக்கும் ஆக்டேன் அதிகம் என்று நினைக்க வேண்டாம். பாரத் பெட்ரோலியத்தின் ‘ஸ்பீடு’ என்பது டிடர்ஜென்ட் சேர்த்த பெட்ரோல். ‘ஸ்பீடு 97’ என்பது வேறு, அதில் ஆக்டேன் 97. இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95, எச்பியின் பவர்95 ஆகியவற்றில் எண் பெயரிலேயே இருக்கிறது. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் அறிமுகம் செய்த எக்ஸ்பி100இல் ஆக்டேன் 100. பெயரில் எண் இல்லை என்றால், பங்க் ஊழியரிடம் “இதில் ஆக்டேன் எவ்வளவு?” என்று கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

இ20ஆல் மைலேஜ் குறைந்தது; 95 போட்டால் சரியாகுமா?

இப்போது அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பழைய காரில் மைலேஜ் குறைந்ததாக உணர்பவர்கள், “பவர் போட்டா எத்தனால் இருக்காதுல்ல?” என்று பிரீமியத்துக்கு மாறுகிறார்கள். 95 என்ற எண் எத்தனால் இல்லை என்பதற்கான சான்று அல்ல. 95 பிரீமியத்திலும் எத்தனால் கலந்தே வருகிறது. எத்தனால் இல்லாத பெட்ரோல் என்று இந்தியன் ஆயில் விற்பது எக்ஸ்பி100. அதன் விலை சாதாரண பெட்ரோலைவிட மிக அதிகம்.

மைலேஜ் குறைவது கற்பனையும் அல்ல. எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதால் அது எதிர்பார்க்க வேண்டியதுதான். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட எத்தனால் செயல்திட்ட அறிக்கையிலேயே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ10க்கு ட்யூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்றும், இ10க்கு வடிவமைத்து இ20க்கு ட்யூன் செய்த கார்களில் 1 முதல் 2 சதவீதம் குறையலாம் என்றும் மதிப்பிட்டிருந்தார்கள். இது ஆற்றல் சம்பந்தப்பட்ட பிரச்னை. அதை ஆக்டேன் எண்ணை ஏற்றிச் சரிசெய்ய முடியாது.

பழைய காரின் ரப்பர் ஹோஸ், கேஸ்கெட் பற்றிய கவலையும் இதேபோலத்தான். அது எந்தப் பொருளால் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. சர்வீஸின்போது அவற்றைப் பார்க்கச் சொல்வதுதான் வழி. 95க்கு மாறுவது தீர்வு அல்ல.

கணக்குப் போட்டுப் பார்த்தால்…

ஊருக்கு ஊர் விலை மாறும் என்பதால், புரிவதற்காக ஒரு கணக்கு. சாதாரண பெட்ரோல் 100 ரூபாய், 95 பிரீமியம் 108 ரூபாய், 100 ஆக்டேன் 160 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது. அதற்கு ஏறக்குறைய 67 லிட்டர் வேண்டும்.

95 போட்டால் மாதம் கூடுதலாகச் சுமார் 535 ரூபாய். வருடத்துக்கு 6,400 ரூபாய். ஐந்து வருடத்தில் 32,000 ரூபாய். 100 ஆக்டேன் போட்டால் மாதம் 4,000 ரூபாய் கூடுதல். வருடத்துக்கு 48,000 ரூபாய்.

இதை மைலேஜில் திரும்ப எடுக்க வேண்டும் என்றால், 95 போட்டதும் கார் 15க்குப் பதில் 16.2 கிலோமீட்டர் தர வேண்டும். அதாவது 8 சதவீதம் கூட வேண்டும். 100 ஆக்டேனுக்கு 24 கிலோமீட்டர் தர வேண்டும். பிரீமியம் பரிந்துரைக்கப்பட்ட கார்களிலேயே சராசரி 2.7 சதவீதம்தான் கூடியது என்பதைப் பார்த்தால், டர்போ இல்லாத சாதாரண காரில் இது நடக்காது என்பது தெளிவு.

அப்படியானால் யாருக்கு அதிக ஆக்டேன் தேவை?

டர்போ இல்லாத காராக இருந்தாலும் சிலருக்கு அது தேவைதான்.

கையேட்டில் அல்லது பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தில் ‘குறைந்தபட்சம் 95’ என்று எழுதியிருந்தால், பேச்சே இல்லை. 95தான் போட வேண்டும். சில இறக்குமதி கார்களும், அதிக ஆர்பிஎம்மில் சுழலும் ஸ்போர்ட்ஸ் இன்ஜின்களும் இந்த ரகம். ‘அவசியம்’ என்றும் ‘பரிந்துரை’ என்றும் இரண்டு சொற்கள் உண்டு. அவசியம் என்றால் குறையக் கூடாது. பரிந்துரை என்றால் குறைந்ததிலும் ஓடும், முழுச் சக்தி மட்டும் கிடைக்காது.

இசியுவை வெளியே ரீமேப் செய்தவர்கள், ட்யூன் செய்தவர் எந்த ஆக்டேனை வைத்து எழுதினாரோ அதையே போட வேண்டும். நிறுவனத்தின் கையேடு அந்தக் காருக்கு இனிப் பொருந்தாது.

பல வருடம் ஓடிய இன்ஜினில் பிஸ்டன் தலையில் கரி படிந்திருக்கும். அந்தக் கரி இடத்தை அடைத்து நெருக்கத்தைக் கூட்டும், சூட்டையும் பிடித்து வைக்கும். அதனால் புதிதில் 91இல் தட்டாத இன்ஜின் பிறகு தட்ட ஆரம்பிக்கலாம். அப்போது 95 தற்காலிக நிவாரணம் தரும். கரியை எடுப்பதுதான் நிரந்தரத் தீர்வு.

இந்தியாவில் விற்கும் பெரும்பாலான டர்போ இல்லாத கார்களின் கையேட்டில் இருப்பது ‘91 அல்லது அதற்கு மேல்’ என்பதுதான். அந்த ‘அதற்கு மேல்’ என்பதை ‘மேல் இருந்தால் நல்லது’ என்று படிக்க வேண்டியதில்லை. இருந்தாலும் கெடுதல் இல்லை என்று மட்டுமே அதற்கு அர்த்தம்.

நாக்கிங் கேட்டால் என்ன செய்வது?

முதலில் கியரைப் பாருங்கள். ஆளும் லக்கேஜும் ஏற்றி, ஏசி போட்டு, மேம்பாலத்தில் 40இல் நாலாவது கியரில் ஏறினால் எந்த இன்ஜினும் திணறும். ஒரு கியர் குறைத்தால் சத்தம் அடங்கிவிட்டதா? அப்படியானால் பெட்ரோல் மீது தவறில்லை. ஓட்டும் முறையை மாற்றினால் போதும்.

கியர் குறைத்தும் கேட்கிறது என்றால், அடுத்த முறை டேங்க் பாதிக்குக் கீழே வந்ததும் 95 போட்டுப் பாருங்கள். இரண்டு பெட்ரோலும் கலந்தால் ஆக்டேன் ஏறக்குறைய சராசரிக்கு வரும். கலப்பதால் கெடுதல் எதுவும் இல்லை. சத்தம் நின்றுவிட்டால், இன்ஜின் ஆக்டேன் கேட்கிறது. ஏன் கேட்கிறது என்பதை சர்வீஸ் சென்டரில் பார்க்கச் சொல்லுங்கள். கரி, தவறான ஸ்பார்க் பிளக், கூலன்ட் குறைவு, பழுதான நாக் சென்சார் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

95 போட்டும் நிற்கவில்லை என்றால், அது நாக்கிங்கே இல்லாமல் டாப்பெட் சத்தமாகவோ, லூசான ஹீட் ஷீல்டாகவோ இருக்கலாம். மேலும் மேலும் விலை உயர்ந்த பெட்ரோல் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

சந்தேகங்கள் சில

*ஊட்டி, கொடைக்கானல் போகும்போது பவர் போட வேண்டுமா?* டர்போ இல்லாத காருக்கு அவசியம் இல்லை. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட நாலில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றும் குறைவு. அதனால் நாக்கிங் வாய்ப்பும் குறைகிறது. மேலே போகப் போக வண்டி இழுக்காதது போலத் தோன்றுவது காற்று குறைவதால்தான். ஆக்டேன் அதைத் திருப்பித் தராது. அடிவார ஏற்றத்தில் சரியான கியர்தான் முக்கியம்.

*மாதம் ஒரு டேங்க் பவர் போட்டால் இன்ஜின் சுத்தமாகுமா?* டிடர்ஜென்ட் சேர்த்த பெட்ரோல் இன்ஜெக்டரிலும் உள்ளிழுக்கும் வால்விலும் படிவதைக் குறைக்க உதவும். ஆனால் அது ஆக்டேனின் வேலை அல்ல, ரசாயனத்தின் வேலை. அதற்காக எப்போதாவது ஒரு டேங்க் போடுவது அவரவர் விருப்பம். ஆயில், ஏர் ஃபில்டர், பிளக் ஆகியவற்றை நேரத்துக்கு மாற்றுவதற்கு அது மாற்று ஆகாது.

*பவர் போட்டதும் வண்டி ஸ்மூத்தாக இருப்பது போலத் தெரிகிறதே?* நன்றாக இருக்கும் என்று எதிர்பார்த்தால் நன்றாகத்தான் தோன்றும். சோதிக்க ஒரு வழி உண்டு. டேங்க் நிரப்பி ஓட்டி, மீண்டும் நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்துக் குறித்து வைக்க வேண்டும். ஒரே பாதை, ஒரே பங்க், ஒரே டயர் காற்று. இரண்டிலும் மூன்று டேங்க்காவது பார்த்த பிறகு முடிவுக்கு வரலாம். ஒரு டேங்க்கில் தெரியும் வித்தியாசம் டிராஃபிக்கால்கூட வரும்.

*பங்க்கில் ஆக்டேனைச் சோதிக்க முடியுமா?* முடியாது. ஃபில்டர் பேப்பர் சோதனை, அடர்த்திச் சோதனை, 5 லிட்டர் அளவுச் சோதனை ஆகியவற்றைக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அவை கலப்படம், அளவுக் குறைவு பற்றிச் சொல்லும். ஆக்டேனை அளக்கத் தனி ஆய்வக இன்ஜின் வேண்டும். அதனால் வண்டிகள் நிறைய வந்து போகும், நம்பிக்கையான பங்க்கைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

கடைசியாக

டர்போ இல்லாத காருக்கான விதி சுருக்கமானது. கையேட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்ச எண்ணுக்குக் கீழே போக வேண்டாம். அதற்கு மேல் போகக் காசு கொடுக்கவும் வேண்டாம். நாக்கிங் கேட்டால் மட்டும் விதிவிலக்கு. அப்போதும் 95 என்பது நோயைக் கண்டுபிடிக்கும் வரை போடும் மாத்திரை மாதிரிதான்.

கையேடு எங்கே என்று தெரியவில்லையா? பெரும்பாலான நிறுவனங்களின் இணையதளத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். ‘எரிபொருள் பரிந்துரை’ என்ற பக்கத்தைத் தேடிப் படிக்க ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடத்தில் மிச்சமாகும் தொகை, மேலே போட்ட கணக்கின்படி வருடத்துக்கு 6,400 ரூபாய். அதில் ஒரு ஆயில் சர்வீஸை முடித்துவிட்டு, ஏர் ஃபில்டரும் மாற்றிவிடலாம். மைலேஜுக்கு அதுதான் நிஜமாக உதவும்.